மின்னலும் கேம் பெட்டியும்

கூட்டம் தொடங்க இருபது நிமிஷம்தான் இருந்தது. மின்னலின் மேஜையில் கணினி இருந்தது. கீபோர்டும் மவுஸும் இல்லை.

மின்னல் என்பது பெயரல்ல, பட்டம். கூட்டக்குறிப்பு தட்டுவதில் அந்த அலுவலகத்தில் அவரை அடிக்க ஆளே கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொல் தப்பியதில்லை. பேசுகிறவர் இருமினால் 'இருமினார்' என்று போடுவார். ஒரு கூட்டத்துக்கு நாற்பது பக்கம். அந்த நாற்பதில் மனிதருக்கு அத்தனை கர்வம்.

இன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். இந்த வேலைக்கு இனிமேல் ஆள் தேவையா, மெஷின் போதுமா என்று பார்க்கத்தான் வருகிறார். மின்னல் தட்டுவது அப்படியே சுவர்த் திரையில் தெரியப்போகிறது. தெரியட்டுமே, நன்றாகத் தெரியட்டும் என்று மின்னல் நேற்றே புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

"யாரு எடுத்தது?" என்று அவர் போட்ட சத்தத்தில் டீ அக்கா தட்டோடு வந்து நின்றாள்.

"என்ன சார் ஆச்சு?"

"கீபோர்டைக் காணோம்க்கா! மவுஸையும் காணோம்!"

"அடப் பாவமே! இந்தாங்க பேனா. தாளும் ஒண்ணு இருக்கு. கையால எழுதிடுங்களேன்."

"கையாலயா? நானா? என்னை யாருன்னு நெனச்சீங்க?"

மற்றவர்கள் எல்லாரும் மடிக்கணினிக்காரர்கள், தனிக் கீபோர்டு யாரிடமும் இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய கீபோர்டு ஒன்று கிடைத்தது. செருகி 'க'வைத் தொட்டார். திரை முழுக்க 'கககககக' என்று ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பிடுங்கி எறிந்தார்.

அப்போதுதான் பைக்குள் கிடந்த கேம் பெட்டி, குமிழும் பட்டனுமாக இரண்டு கையால் பிடித்து விளையாடுவது, ஞாபகம் வந்தது. பரீட்சை நேரம் என்று காலையில் மகளிடமிருந்து பிடுங்கியது. வீட்டுக் கணினியில் அதைச் செருகி, மவுஸே இல்லாமல் அவள் திரையில் அம்பை ஓட்டியதைப் பார்த்திருக்கிறார். மனைவிக்கு போன் போட்டார்.

"அந்தப் பெட்டியை மவுஸா மாத்த எதை அமுக்கணும்?"

"காலையில என்ன சொன்னீங்க? 'இந்தச் சனியனால யாருக்காவது பிரயோஜனம் உண்டா'ன்னு பிள்ளையை அழவெச்சீங்களே!"

"தாயே, அப்புறமா திட்டு. இப்பச் சொல்லு."

"மேல ரெண்டு மூலையில இருக்கிற பட்டனையும் சேர்த்து அமுக்குங்க. இடது குமிழ் மவுஸு. வலது பக்கம் அமுக்கினா எழுத்துப் பலகை வரும், ஒவ்வொண்ணா பொறுக்கிக்கணும். ஆனா அந்தச் சத்தத்தை நிறுத்த எனக்குத் தெரியாது."

"எந்தச் சத்தம்?"

பதில் வருவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். மின்னல் போனை வைத்துவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வழக்கப்படி 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தார். குமிழை மெல்லத் தள்ளினால் அம்பு அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினால் திரையின் மறுகோடிக்குப் பாய்ந்தது. அவர் 'மதி' வரைக்கும் வந்தபோது அதிகாரி முதல் விஷயத்தையே பேசி முடித்திருந்தார். இது வேலைக்கு ஆகாது என்று அழிக்கும் பட்டனை அமுக்கினார். பெட்டி உர்ரென்று உறுமி அதிர்ந்தது. மதி போனது, தலைப்பு போனது, தேதியும் போனது.

"அங்க என்ன உறுமல்?" என்றார் அதிகாரி.

"வேலை நடக்குது சார்!"

வேறு வழியே இல்லை. வணக்கத்தை விட்டார். இருமலை விட்டார், அதை விடும்போது மனசு நிஜமாகவே வலித்தது. கோப்புகள் தாமதமாவது பற்றி அதிகாரி பத்து நிமிஷம் முழங்கினார். மின்னல் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, 'கோப்பு மூன்று நாளில் நகர வேண்டும்' என்று போட்டு, முற்றுப்புள்ளி வைத்தார்.

டட்டடாங்!

கூடத்து ஸ்பீக்கர் முழுக்க வெற்றி இசை. பின்வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில் கைதட்டிவிட, எல்லாரும் தட்டினார்கள். கைதட்டல் தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து அதிகாரி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். அதற்கப்புறம் முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி டட்டடாங், டட்டடாங்குக்கு டட்டடாங் கைதட்டல்.

கூட்டம் முடிந்தபோது சுவரில் ஒன்பதே வரி. இருபத்திரண்டு வருஷ மானம் ஒன்பது வரியில் போச்சு என்று மின்னல் எழுந்து நின்றார்.

அதிகாரி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"நான் என்ன பேசறேன்னு எனக்கே இன்னிக்குத்தான்யா புரியுது! எது முக்கியம்னு பொறுக்கியெடுக்க எந்த மெஷினுக்குத் தெரியும்? இவரு இங்கேயே இருக்கட்டும்."

மின்னலுக்குப் பெருமை பிடிபடவில்லை. புதுச் சட்டை இறுக்குகிற மாதிரி இருந்தது. வராந்தாவுக்கு ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"என் வேலை தப்பிச்சுது! எல்லாம் அந்தப் பெட்டியாலதான். நம்ம பொண்ணு கெட்டிக்காரின்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"எப்பச் சொன்னீங்க? சரி, சாயந்திரம் பெட்டியைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"என் கையாலயே குடுக்கறேன்! சத்தத்தை எப்படிக் குறைக்கறதுன்னும் அவகிட்டயே கேட்டுக்கறேன்."

மீசையைத் தடவியபடி மேஜைக்குத் திரும்பினார். டீ அக்கா தட்டை வைத்தாள். தட்டை மூடியிருந்த துணியை விலக்கினாள். அடியில் கீபோர்டு, அதன் மேல் மவுஸ், பக்கத்தில் காலையில் அவர் தொடாத அந்த ஒற்றைத் தாள்.

மின்னல் கீபோர்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அவருடையதேதான்.

"கோவிச்சுக்காதீங்க சார். 'ஒரு பக்கத்தைத் தாண்டி எழுதினா அந்தாளை வீட்டுக்கு அனுப்பிடுவேன்'னு பெரிய அதிகாரி நேத்து போன்ல கத்தினது, மேனேஜர் ரூம்ல டீ ஊத்திக்கிட்டிருந்த எனக்கே கேட்டுச்சு. இது கையில இருந்தா நீங்க ஒரு பக்கத்துல நிப்பீங்களா?"