சின்யோராவின் கொம்பியூட்டரையும் துடைத்தேன்

வெளிநாட்டுக்குப் புறப்படும் எங்கள் ஆட்களுக்கு விமானத்திலேயே ஒரு பதவி உயர்வு கிடைத்துவிடுகிறது. ஊர் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர் இத்தாலியின் பலெர்மோவில் இறங்கும்போது அரை டாக்குத்தர். சங்கக் கடையில் சீனி நிறுத்தவர் மனேச்சர். இத்தாலியர்களுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாருடைய கையிலும் ஒரேமாதிரித் தரை கூட்டும் தும்புத்தடியைக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடிக் கதைக்கும்போதுதான் பட்டங்கள் வெளியே வரும்.

என் பட்டம் 'கொம்பியூட்டர் படிச்சவ'.

படித்தது உண்மைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில். அப்போது அங்கே மின்சாரம் இல்லை. (கரண்ட் இல்லாத ஊரிலை என்ன கொம்பியூட்டர் எண்டு கேக்கிறீங்களா? எங்கடை வாத்தியாரை ஒருத்தரும் கேக்கேல்லை.) அவர் கரும்பலகையில் கீபோர்ட்டை வரைவார். பக்கத்தில் மொனிட்டரை வரைந்து அதற்குள் கட்டளைகளை எழுதுவார். மேசையில் உண்மையான கொம்பியூட்டர் ஒன்றும் இருந்தது, பூப்போட்ட துணியால் மூடி, சந்தனப் பொட்டு வைத்து. அதன் முகத்தைக் கண்டவர் எங்கள் வகுப்பில் இல்லை.

ஆனாலும் 'ஃபோர்மட்' என்ற கட்டளையை நான் அச்சடித்ததுபோல எழுதுவேன். அது என்ன செய்யும் என்று சோதனையில் கேட்டால், 'டிஸ்க்கைத் தயார்ப்படுத்தும்' என்று எழுத வேண்டும். எதற்குத் தயார்ப்படுத்தும் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்கு முழுப் புள்ளி.

இந்தத் தகைமையோடு லிபெர்த்தா என்ற தெருவில் ஒரு வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் எசமானி சின்யோராவும் அவருடைய கணவரும் மட்டும்தான். கணவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். ஊரே அவரை 'அவ்வொக்காத்தோ' என்றுதான் கூப்பிடும். சின்யோராவின் பாட்டனார் ஏதோ ஒரு மலையூரில் பிரபுவாக இருந்தவராம். மலை போய், மாளிகை போய், மிஞ்சியது வெள்ளிக் கரண்டிகளும் குடும்பப் பெருமையும். கரண்டிகளை நான் மினுக்கினேன். பெருமையை சின்யோரா, மிலானில் இருந்த மகன் வாங்கிக் கொடுத்த கொம்பியூட்டரில் ஒரு பெரும் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். பாட்டனாரின் குதிரைக்கு மட்டும் மூன்று அத்தியாயம்.

மகன் வாக்குக் கொடுத்த பிரிண்டர் வந்து சேரவே இல்லை. அதனால் ஞாயிறு மதியம் கொம்பியூட்டரைச் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் வைத்து, திரையைப் பார்த்தே சின்யோரா வாசிப்பார். மக்கரோனி ஆறிக் கட்டியாகும். குதிரைக்குக் கால் சுளுக்கும் இடத்தில் அவ்வொக்காத்தோ முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடியே நித்திரையாகிவிடுவார்.

ஓர் ஆகஸ்ட் மாதம் கொம்பியூட்டருக்கும் களைப்பு வந்துவிட்டது. ஒரு சொல்லை அடித்துவிட்டுக் குசினிக்குப் போய்வந்தால் பாதிச் சொல்தான் வந்திருக்கும். திருத்துகிறவரைக் கூப்பிட்டால், செப்டெம்பரில் பார்க்கலாம் என்று கடற்கரையில் இருந்து பதில். நான் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் படித்தவள், சின்யோரா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல காலம் வந்திருக்கு. பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கிறதுக்கு உம்மடை சின்யோரா வேலைக் கடிதத்திலை கையெழுத்து வைக்கவேணுமெல்லே? இதைத் திருத்திக் குடுத்தீரெண்டால் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும்."

"பழுதாப் போச்செண்டால்?"

"நீர் கொம்பியூட்டர் படிச்சவ எண்டு பலெர்மோச் சனம் முழுக்கச் சொல்லுது. உமக்கு மட்டும் தெரியாதாம்!"

(சனத்துக்குச் சொன்னதே இவர்தான். பக்கத்தில் நின்று அடக்கமாகச் சிரித்தது நான்.)

வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு கொம்பியூட்டர் கடையில் சொக்கலிங்கம் என்றொருவர் வேலை செய்தார். மொரிசியஸ்காரர். பெயரில் இருந்த தமிழைத் தவிர வேறு தமிழ் அவரிடம் இல்லை. பிரெஞ்சு கலந்த இத்தாலியனில்தான் கதைப்பார். எனக்கோ இத்தாலியனில் சோப், வாளி, நாளை வருகிறேன் ஆகியவை நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால் கொம்பியூட்டர் பறக்கும் என்று அவர் ஒரு சீடியும் ஒரு புளொப்பியும் தந்தார். பிறகு விரலை உயர்த்தி, "ப்ரீமா, கொப்பியாரே தூத்தோ!" என்றார்.

ப்ரீமா என்றால் முதலில். தூத்தோ என்றால் எல்லாம். கொப்பியாரே? என்ன பெரிய விசயம், கொப்பி! முதலில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். கைப்பையில் இருந்த சாமான் கொப்பியை எடுத்து, அவர் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதினேன். கடைசியில் அவர், எல்லாம் கொப்பியாத்தோதானே என்று கேட்டார். கொப்பியைத் தட்டிக் காட்டி, "சீ, தூத்தோ!" ஓம், எல்லாம், என்றேன். மனிதர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஒரு பெண் இவ்வளவு கெட்டிக்காரியா என்ற வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சின்யோரா தலைமுடி அலங்கரிக்கப் போயிருந்தார். நான் கையைக் கழுவி, பிள்ளையாரை நினைத்து, புளொப்பியைப் போட்டு, ஃபோர்மட் கட்டளையை அடித்தேன். கரும்பலகை இல்லாமல் அடித்தது அதுதான் முதல்தரம். திரையில் 'அத்தென்சியோனே!' என்று வந்தது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அத்தென்சியோனே, அதாவது கவனம், என்று கத்துவார்கள். ஒருவரும் திரும்பியும் பார்ப்பதில்லை. ரயில் பிந்தி வரும், அவ்வளவுதான். ஆகவே நானும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே ஒரு நீண்ட வசனம். அதன் முடிவில் 'சீ'யா 'நோ'வா என்று ஒரு கேள்வி. அந்த வீட்டில் நான் ஒருநாளும் யாருக்கும் 'நோ' சொன்னவளில்லை.

அது தன்பாட்டில் துடைத்துக்கொண்டிருக்க, நான் கரண்டிகளை மினுக்கினேன். பிறகு சீடியைப் போட்டு, கொப்பியில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். நீல வானமும் வெண்முகிலுமாகப் புதிய விண்டோஸ் எழும்பி வந்தது.

சின்யோரா கோபுரம்போல உயர்ந்த கொண்டையோடு வந்து முன்னால் அமர்ந்தார். அங்கே தொட்டார், இங்கே தொட்டார்.

"என் புத்தகம் எங்கே?"

"பழையது எல்லாம் போய்விட்டது, சின்யோரா," என்றேன், இரண்டு கைகளையும் விரித்துப் பெருமையோடு. "இப்போது எல்லாம் புதிது!"

அந்தக் கொண்டை மெல்ல ஆடத் தொடங்கியபோதுதான் 'தயார்ப்படுத்தும்' என்ற சொல்லின் முழுப் பொருளும், 'கொப்பியாரே' என்றது நகல் எடுத்து வைக்கச் சொன்னது என்பதும் எனக்கு விளங்கின. சத்தம் கேட்டு அவ்வொக்காத்தோ பல்கனியில் இருந்து ஓடி வந்தார்.

"பாட்டனார்?" என்று கேட்டார்.

"போய்விட்டார்," என்றேன்.

"குதிரை?"

"குதிரையும்."

சின்யோரா எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் குசினிக்குள் ஓடிப்போய்த் தரையில் இருந்து அழுதேன். கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை, பெர்மெஸ்ஸோ இல்லை. விசா கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் எங்கள் இருவரையும் வரிசையிலிருந்து இழுத்து நேரே விமானத்தில் ஏற்றுவதாக ஒரு காட்சி மனதில் ஓடியது. (அதுவும் அந்தப் பூப்போட்ட துணிக்குப் பக்கத்திலை கொண்டுபோய் இறக்கிற மாதிரி.)

அவ்வொக்காத்தோ உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் தோள்கள் குலுங்கின. ஐயோ, கிழவனையும் அழவைத்துவிட்டேனே என்று நினைத்தேன். அவர் குனிந்து என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார்.

"குதிரையுமா? உண்மையாகவா? திரும்ப எடுக்கவே முடியாதா?" என்று கிசுகிசுத்தார். நான் தலையாட்டியதும், எனக்கென்று ஒரு சின்னக் கிளாசில் எலுமிச்சை மது ஊற்றினார். நான் குடிப்பதில்லை என்றேன். அதையும் அவரே குடித்தார்.

மாலையில் சின்யோரா வெளியே வந்தார். கழுத்தில் முத்துமாலை. முகத்தில் கண்ணீர் இல்லை.

"அழித்தது நீ. இனி அடிக்கப்போவதும் நீ. நான் சொல்வேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது."

அவ்வொக்காத்தோவின் முகம் விழுந்தது. "எல்லாமா?"

"முதல்தரம் மறந்து விட்டவையும்."

வேலைக் கடிதத்திலும் கையெழுத்து வைத்தார். புத்தகம் முடியும்வரை நான் இத்தாலியை விட்டுப் போகக் கூடாது என்பதில் அரசாங்கத்தைவிட அவருக்குத்தான் அக்கறை.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவர் உலாவிக்கொண்டே சொல்வார், நான் அடிப்பேன். பிழை விட்டால் அந்தச் சொல்லை உரத்துச் சொல்லச் சொல்வார். குதிரை நான்கு அத்தியாயமாக வளர்ந்தது. இப்படித்தான் நான் இத்தாலியன் கற்றேன். என் சினேகிதிகள் சந்தையில், பேருந்தில், வரிசையில் நின்று படித்த மொழியை நான் ஒரு பிரபுவின் குதிரை லாயத்தில் நின்று படித்தேன்.

பலன் விரைவில் தெரிந்தது. மீன்காரனிடம் போய், "தங்கள் பெருந்தன்மை இடங்கொடுக்குமாயின் அரைக் கிலோ மத்தி அருள்வீர்களாக" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றினான். குவெஸ்தூராவில் வாய் திறந்தபோது, கூண்டுக்குப் பின்னால் இருந்த அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு கையில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கள் தொலைக்காட்சிச் சரித்திர நாடகத்தில் இருந்து வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இன்றும் எனக்கு வேறு இத்தாலியன் வராது. பிள்ளைகள் தமிழில் கதைக்கிறார்கள் இல்லை என்று பலெர்மோவில் எல்லாத் தாய்மாரும் மனம் வருந்துகிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. கோபத்தில் நான் இத்தாலியனில் தொடங்கினால் போதும், மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிடுவாள்.

"அம்மா, பெர் ஃபவோரே, தமிழிலை பேசுங்கோ. இத்தாலியனிலை நீங்கள் ஏசினா நான் எழும்பி நிண்டு வணக்கம் சொல்லவேணும் போலை கிடக்கு."