நிபுணர் ரவுட்டர் வைத்த கதை

பத்தே நிமிடம். அதற்கு மேல் ஒரு விநாடிகூட இந்த வீட்டில் மாமியார் முகம் தெரியக் கூடாது. இப்படி ஒரு சபதத்தை நிபுணர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

நிபுணர் என்பது அவர் படித்து வாங்கிய பட்டம் இல்லை, உறவுக்காரர்கள் வைத்த பெயர். யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் முதலில் கருத்துச் சொல்பவர் அவர்தான். ரிப்பேர் பார்ப்பவர் வேறு ஆள். பிழைப்புக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. உடைந்த சாமான்களின் போட்டோவைப் பார்த்து, இது தானாக உடைந்ததா, உடைத்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கம்பெனிதான் அவரையும் அவர் மனைவியையும் கடல் தாண்டி, பாஷை புரியாத ஊரில், மூன்றாவது மாடியில் கொண்டுவந்து வைத்திருந்தது.

வந்த புதிதில் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. செல்போனில் வரும் கொஞ்சநஞ்ச டேட்டாவை வைத்துக்கொண்டு மனைவி தினமும் சாயங்காலம் அம்மாவோடு வீடியோவில் பேசுவாள். பேச்சு சூடு பிடிக்கும்போது டேட்டா தீர்ந்துவிடும். மாமியார் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். நிபுணருக்கு அந்த வீட்டிலேயே மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

மாமியார் கெட்டவர் இல்லை. பாசம் அதிகம், பார்வை அதைவிட அதிகம். போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்தால், அங்கிருந்தே இந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். "அந்த ஜன்னல் திரையைத் துவைச்சு எவ்வளவு நாளாச்சு?" என்பார். "மாப்பிள்ளை ஏன் பனியனோட அலையறார்?" என்பார். உடனே போன் திரும்பும். "அம்மா உங்களைப் பார்க்கணுமாங்க." நிபுணர் பனியனோடு சிரிக்க வேண்டும்.

இப்போது ஃபைபர் வரப்போகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், தீரவே தீராது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து நிபுணருக்குச் சோறு இறங்கவில்லை.

கனெக்‌ஷன் கேட்டு விண்ணப்பித்தது மனைவிதான். கம்பெனிக்காரர்கள் போனில் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள் என்பதால் நிபுணர் அந்த வேலையைத் தொடவில்லை. "இதெல்லாம் சின்ன விஷயம், நீயே பார்த்துக்கோ" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள், பாத்திரம் துலக்கினாள், வாரக்கணக்கில் விடாமல் கூப்பிட்டு ஆளை வரவழைத்தாள்.

வந்த ஃபைபர்காரர் ஹாலின் நடுச்சுவரைக் காட்டினார். அங்கே வைத்தால் வீடு முழுக்கச் சிக்னல் வரும் என்று கையை விரித்துக் காட்டினார். பாஷை தேவைப்படவில்லை. நிபுணர் தலையை ஆட்டி, அவரைத் தோளில் தட்டி, கோடியிலிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அது நிபுணரின் அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஓர் இரும்பு பீரோ, முக்கியமாகத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. உலகத்தில் அவருக்கென்று இருந்த இடம் அவ்வளவுதான். வாரத்தில் சில நாள் அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பார். மற்ற நாட்களில் ஆபீஸிலிருந்து வந்ததும் வேலை பார்ப்பதுபோல் கதவைச் சாத்திக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்.

பீரோவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஃபைபர்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, வாடகை கட்டுபவர் இஷ்டம் என்பதுபோல் துளை போட்டு ரவுட்டரை மாட்டினார். போகும்போது ரவுட்டரின் முதுகில் ஊசி நுழைகிற ஓர் ஓட்டையைக் காட்டி விரலை ஆட்டினார். அதை அமுக்கினால் எல்லாம் அழிந்துபோகும், மறுபடியும் நான்தான் வர வேண்டும், வர மாசக்கணக்காகும் என்று அதற்கு அர்த்தம்.

அவர் படியிறங்கியதும் நிபுணர் கதவைச் சாத்திக்கொண்டார். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்தார். சிக்னல் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஓர் இடம் இருந்தது. முழுசாக இருந்ததைப் பிடித்துக் கடைசி வரைக்கும் கீழே இழுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெஷினை அவரே திருத்தியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் விசிலடித்தார்.

சாயங்காலம் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அம்மா முகம் கட்டம் கட்டமா வருதுங்க."

"அப்படியா? வயசாயிடுச்சில்ல."

"விளையாடாதீங்க. ஹால்லயும் வரல. ஃபைபர்னு சொன்னாங்களே."

நிபுணர் எழுந்து வந்து சுவரை விரலால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"நினைச்சேன். சுவருக்குள்ள பூரா இரும்பு. இந்த ஊர்ல இப்படித்தான் கட்டுவாங்க. சிக்னல் முட்டித் திரும்பிடும்."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"சுவரை இடிக்கலாம். வீட்டுக்காரர் ஒத்துக்கணும்."

மனைவி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அங்கேயே நிபுணர் உஷாராகியிருக்க வேண்டும். புகழ்ச்சி கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் அவர் தன் அறையில் ஆபீஸ் வேலையாக உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் முறம் நிறையக் கீரை. மனைவி கீரையை அவர் மேஜை மேல் கொட்டி, அவருடைய பேனா ஸ்டாண்டில் போனைச் சாய்த்தாள்.

"என்ன இது?"

"நீங்கதானே சொன்னீங்க, சிக்னல் வெளிய வராதுன்னு. சிக்னல் இருக்கற இடத்துக்கு நாங்க வந்துட்டோம்."

"மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா?" என்றார் மாமியார். பக்கத்திலேயே, பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர் இருந்ததால் அவர் முகம் பளிங்கு மாதிரி தெளிவாக வந்தது. மூக்குத்தி மின்னியது. "இதான் உங்க ரூமா? பீரோ மேல என்ன அவ்வளவு தூசி?"

ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது நிபுணருக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. கீரையோடு நிற்கவில்லை. அடுத்த நாள் மடிக்க வேண்டிய துணி வந்தது. அதற்கடுத்து இஸ்திரிப் பலகை வந்தது. தாழ்ப்பாளைப் போட்டால், "அம்மா லைன்ல இருக்காங்க" என்று வெளியிலிருந்து தட்டுவாள்.

ஒருநாள் மேலாளரோடு வீடியோ மீட்டிங். உடைந்த கண்ணாடி மேஜை ஒன்றைப் பற்றி நிபுணர் கடுமையாகக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த போனிலிருந்து குரல் வந்தது.

"யாருடி அந்த மொட்டைத் தலை? பார்த்தா நல்ல மனுஷனாத் தெரியுது. சாப்பிட்டாராமா?"

மேலாளர் தமிழ் அறியாதவர். ஆனால் ஓர் அம்மாள் தன்னைக் கைகாட்டிப் பாசத்தோடு பேசுவது அவருக்குப் புரிந்தது. கையசைத்தார். மாமியாரும் அசைத்தார். அதற்குப் பிறகு மீட்டிங் தொடங்கும்போதெல்லாம் மேலாளர், 'அம்மா எங்கே?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நிபுணர் தோல்வியை ஒப்புக்கொண்டார், தனக்குள் மட்டும். மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, குறைத்ததைக் கூட்டிவிட உட்கார்ந்தார். ஹாலில் சிக்னல் வந்தால் அவர்கள் ஹாலுக்குப் போய்விடுவார்கள், அறை தப்பிக்கும். பாஸ்வேர்டைப் போட்டார். தவறு என்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போட்டார். தவறு. ரவுட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போட்டார். அப்போதும் தவறுதான்.

ஊசி ஓட்டையைப் பார்த்தார். ஃபைபர்காரரின் விரல் ஞாபகம் வந்தது. இனி மாசக்கணக்கில் இன்டர்நெட் இல்லாமல், அதுவும் ஏன் இல்லை என்று மனைவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்க முடியாது. ஊசியைக் கீழே வைத்தார்.

யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், ரவுட்டருக்குள் உனக்கு என்ன வேலை என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியவில்லை.

"ஏம்மா" என்று சாயங்காலம் வெகு சாதாரணமாகக் கேட்டார். "இந்த ரவுட்டர்ல யாராவது கை வச்சாங்களா?"

"எதுக்குங்க?"

"சும்மா கேட்டேன். சில சமயம் அதுல ஏதாவது மாத்தினா சிக்னல் வெளிய வரும்."

"எப்படி வரும்? சுவருக்குள்ளதான் இரும்பு இருக்கே."

"அது இருக்கு."

"அப்புறம் ரவுட்டர் என்னங்க பண்ணும் பாவம்?"

நிபுணர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். குடிக்கும்போதே அடுத்த இடி விழுந்தது.

"நானே சொல்லணும்னு இருந்தேன். அம்மா அங்க தனியாத்தானே இருக்காங்க. என் பழைய போனை உங்க மேஜையில ஸ்டாண்டு போட்டு நிறுத்திடலாம்னு பார்க்கறேன். காலையிலருந்து ஆன்லயே இருக்கட்டும். அவங்க பாட்டுக்கு அவங்க வேலையைப் பார்ப்பாங்க, நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்."

"என் வேலையை யார் பார்ப்பா?"

"அதையும் அம்மாதான் பார்ப்பாங்க. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா, சின்க் பக்கத்துல அந்த மூலையில கொஞ்சம் சிக்னல் வருதுங்க. உங்க நாற்காலியை அங்க போட்டுட்டேன்."

எட்டிப் பார்த்தார். போட்டிருந்தாள். நாற்காலிக்கு முன்னால், கழுவ வேண்டிய பாத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அறை போயிற்று. தாழ்ப்பாள் போயிற்று. நிபுணர் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு, உடைந்த சாமான்களின் சொந்தக்காரர்கள் தன்னிடம் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"சுவர்ல இரும்பு இல்ல."

"தெரியும்."

"சிக்னலைக் குறைச்சது நான்தான்."

"அதுவும் தெரியும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "கனெக்‌ஷன் என் பேர்லதானேங்க இருக்கு. நீங்க கதவைச் சாத்தின அஞ்சாவது நிமிஷம் ஃபைபர் கம்பெனியிலருந்து எனக்கு மெசேஜ் வந்துச்சு. உங்க ரவுட்டர்ல சிக்னல் அளவு குறைக்கப்பட்டிருக்கு, இது உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துதான்னு கேட்டான். ஆமான்னு அமுக்கிட்டேன். வீட்டு மானத்தை வெளியாள்கிட்ட விட்டுக் கொடுக்கலாமா?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா சுவரைத் தட்டிக் காட்டியிருப்பீங்களா? அதைப் பார்க்கணும்னு இருந்துச்சு."

நிபுணருக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நீங்க ஆபீஸ் போயிடறீங்க. பேசறதுக்கு அங்க பத்துப் பேர் இருக்காங்க. எனக்கு இங்க காலையிலருந்து கதவைத் தட்டக்கூட ஆள் இல்ல. லிஃப்ட்ல ஒரு அம்மா சிரிப்பாங்க, அவ்வளவுதான். அந்த ஒரு போனையும் வெட்டப் பார்த்தீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சு?"

தப்புதான், ரொம்பப் பெரிய தப்பு என்று நிபுணர் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. இனிமே ஹால்ல, சமையல்கட்டுல, எங்க வேணா உக்காந்து எவ்வளவு வேணா பேசு. நானே சிக்னலை முழுசாக் கூட்டி வச்சுடறேன். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரியாதே."

"நீதானே மாத்தின?"

"தட்டினது நான். அம்மா ஒவ்வொரு எழுத்தா சொன்னாங்க, நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே தட்டினேன். எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. நீங்க கூப்பிட்டா சந்தோஷப்படுவாங்க. கல்யாணம் ஆனதுலருந்து நீங்களா ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லன்னு ஒரு குறை அவங்களுக்கு."

நிபுணர் சட்டையை மாட்டிக்கொண்டார். தலையைப் படிய வாரிக்கொண்டார். தன் அறைக்குப் போய், இஸ்திரிப் பலகையை நகர்த்தி, பீரோ பக்கத்தில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கையால் மாமியாரைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே அவர் எடுத்துவிட்டார்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, அந்த ரவுட்டர் பாஸ்வேர்டு..."

"சொல்றேன் மாப்பிள்ளை, உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறேன்? கொஞ்சம் நீளமானது, மொத்தமாச் சொன்னா குழம்பிடுவீங்க. தினம் சாயங்காலம் கூப்பிடுங்க, ஒவ்வொரு எழுத்தா சொல்றேன். நின்னுக்கிட்டே பேசினா எப்படி, முதல்ல உக்காருங்க."