மந்திரித்த சவர்க்காரம்

தட்டு திரும்பி வந்துவிட்டது.

காலையில்தான் நிறஞ்சலா அதன்மேல் தன் கையால் காய்ச்சிய நட்சத்திர வடிவச் சவர்க்காரம் ஒன்றை வைத்து, லேஸ் துணியால் மூடி, மச்சாள் பெற்றிசியா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். மன்னார்க் கீரிக் கிராமத்தில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் போகிற தட்டு வெறுந்தட்டாகத் திரும்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது நாலு வாழைப்பழமாவது அதில் இருக்கும். பெற்றிசியாவும் வழக்கத்தை மீறவில்லை. துணியை விலக்கினால் கடைச் சவர்க்காரம் ஒன்று இருந்தது. பெரியது. உடுப்புத் தோய்க்கிறது.

"என்ன மச்சாள் இது?"

"உங்களுக்கும் தேவைப்படும் எண்டு நினைச்சன்," என்றாள் பெற்றிசியா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி. "நத்தாருக்குச் சனம் கேக் குடுக்கும், பலகாரம் குடுக்கும். சவுக்காரம் குடுத்தா என்ன அர்த்தம்? நாறுறாய், போய்க் குளி எண்டுதானே?"

"ஐயோ, ஆர் அப்பிடிச் சொன்னது?"

"நீதான். நட்சத்திரம் மாதிரி வெட்டிச் சொல்லியிருக்கிறாய்."

விறாந்தையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அவள் புருசன் எட்வேட் எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தான். தன் அக்கா பெற்றிசியாவின் கைவண்ணத்தில் அவனுக்குப் பெருமையே.

"ஒண்டு திரும்பி வந்திட்டுது. அறை எனக்கு."

"வந்தது தட்டு. என்ர சவுக்காரம் வரேல்ல," என்றாள் நிறஞ்சலா. "இதுக்கு எங்க அஞ்சு மூலை? எண்ணிப் பாருங்கோ."

பந்தயமே அந்த அறைமேல்தான். கிணற்றடியோடு ஒட்டிய சின்ன அறை. எட்வேட் அதை வலைக்கும் படகு எஞ்சினுக்கும் கேட்டான். நிறஞ்சலா சவர்க்காரம் காய்ச்சக் கேட்டாள். மூன்று மாதம் சண்டை பிடித்துக் களைத்த பிறகு எட்வேட்தான் வழி சொன்னான்: சொந்தத்திலும் அயலிலும் பதினெட்டு வீட்டுக்குக் கொடு, நத்தார்ப் பூசை முடிந்து கடைசி மணி அடிப்பதற்குள் ஒரே ஒரு நட்சத்திரம் திரும்பி வந்தாலும் அறை எனக்கு.

"கேக் அடிச்சுக் குடுத்தா இந்தச் சோலி இருக்காது," என்றான் இப்போது.

"அடிக்கமாட்டன். மண்டையில அடிச்சாலும் அடிக்கமாட்டன்."

பதினொரு வருடம் அடித்தவள்தான். போன நத்தாருக்கு அவள் அடித்த கேக் ஒன்று நாலு வீடு சுற்றி, நாலு தட்டு மாறி, ஐந்தாம் நாள் அவளிடமே வந்து சேர்ந்தது. ஓரத்தில் அவளுடைய கரண்டி பட்ட பள்ளம் அப்படியே இருந்தது. யாரும் கத்திகூட வைத்திருக்கவில்லை. அன்றைக்கே தீர்மானித்தாள்: இனிக் கொடுத்தால், கரைந்து முடிகிற சாமானாகக் கொடுக்க வேண்டும்.

மன்னார் ரவுனில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனாள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாள். தேங்காய் எண்ணெய், கோஸ்ரிக் சோடா, மணத்துக்கு எலுமிச்சம்புல். படிப்பித்த பிள்ளை ஒரு விசயம் சொல்லியிருந்தது: தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உவர்த் தண்ணீரிலும் நுரைக்கும். கீரிக் கிணறுகளின் உவரில் கடைச் சவர்க்காரத்தைத் தேய்த்தால் கை நோகும், நுரை வராது. கார்த்திகையில் காய்ச்சி நாலு கிழமை மதிலில் காய வைத்தாள். வழியால் போன கழுதையொன்று மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கழுதைக்கே வேண்டாமாம்," என்றான் எட்வேட்.

"அதென்ன குளிக்கிறதோ? அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் நிறஞ்சலா.

மற்றப் பதினேழு நட்சத்திரங்களும் தட்டு திரும்பிய அன்று காலையே போய்விட்டன. பெற்றிசியாவின் கதை பரவுவதற்குள் எதையாவது செய்தாக வேண்டும். நிறஞ்சலா மேசையடியில் குந்தி, பதினெட்டு வாழ்த்து அட்டை எழுதினாள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம், முத்தான கையெழுத்தில்: "நீங்கள் நாறுவதாக நாங்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. இனிய நத்தார் வாழ்த்துக்கள்."

அதுவரை பெற்றிசியா ஒருத்திக்கு மட்டும் இருந்த யோசனை, பொழுது படுவதற்குள் பதினெட்டு வீட்டுக்கும் எழுத்தில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் படலையில் அன்ரனி நின்றார். மீன் வியாபாரி. பக்கத்து வீடு. கையில் அட்டை.

"பிள்ளை, இருபத்தெட்டு வருசமா மீன் யாவாரம் செய்யிறன். நான் நாறேல்ல எண்டு முதன்முதலா நீதான் சொல்லியிருக்கிறாய்."

"நல்லதுதானே அண்ணை?"

"நாறாத ஆளுக்கு அதை ஏன் பிள்ளை எழுதிக் குடுக்கோணும்? இந்த ஆள் கள்ளனில்லை எண்டு ஒருத்தன் என்ர படலையில ஒட்டிவிட்டா எனக்கு எப்பிடி இருக்கும்? ராவு முழுக்க நித்திரை இல்லை. என்ர கையை நானே மோந்து மோந்து பாத்துக்கொண்டு கிடந்தன்."

நிறஞ்சலா பின்வாங்குகிற ஆளில்லை.

"அண்ணை, அது உங்களுக்கே இல்லை. வீட்டுக்கு வாற விருந்தாளிக்கு வைக்கிறது."

அன்ரனி யோசித்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"நத்தாருக்கு வாறது தலைமன்னாரில இருந்து என்ர சம்பந்தி ஆக்கள். அப்ப அவையள் நாறுறினமோ?"

அவர் அந்தக் கேள்வியோடு போனார். கேள்வி அடுத்த பஸ்ஸில் தலைமன்னாருக்கும் போயிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் சம்பந்தியம்மா போனெடுத்து, தாங்கள் இரண்டு நேரம் குளிக்கிற பரம்பரை என்று தெரிவித்தார்.

பத்து மணிபோல பெற்றிசியா ஒரு பெரிய பனையோலைக் கடகத்தோடு வீதியில் நின்றாள். நாளைக் காலையில் பதினெட்டு நட்சத்திரத்தையும் ஒரே கடகத்தில் சேர்த்து ஒரேயடியாகத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. எட்வேட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிணற்றடி அறைக்குள் போனான். எஞ்சின் நெடுக்காக வருமா குறுக்காக வருமா என்று பார்க்க.

"நாடாவைச் சுருட்டி வையுங்கோ," என்றாள் நிறஞ்சலா. "இன்னும் கடைசி மணி அடிக்கேல்ல."

சட்டியில் காய்ச்சியது பத்தொன்பது. மிச்சம் ஒன்று இருந்தது. அதை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு நேரே பங்குப் பாதிரியாரான சுவாமி தங்கும் அறைவீட்டுக்கு நடந்தாள். கோபத்தில் கேற்றைத் தள்ளித் திறந்தவள் திருப்பிச் சாத்தவில்லை. முற்றத்தில் இயேசு பாலன் பிறந்த குடில் கட்டுகிற வேலை. கோயில் வேலைகள் பார்க்கும் செல்வநாயகம் ஏணியில் நின்று மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார். சுவாமி விறாந்தையில் போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

நிறஞ்சலா படியில் பெட்டியைத் திறந்து வைத்து, முழங்காலில் நின்று, தலை குனிந்தாள்.

"சுவாமி, இதை ஆசீர்வதிச்சு மந்திரிச்சுத் தாங்கோ."

ஓரக்கண்ணால் பார்த்தாள். வழக்கமாக இரண்டு விரலால் சிலுவை வரைந்து சுருக்கமாக முடிக்கிற மனிதர், அன்றைக்கு முழுக் கையையும் தூக்கினார். மேலே, கீழே, இடம், வலம். காற்றே வெட்டுப்பட்டது. ஒருமுறை போதாதென்று இரண்டாம் முறையும். முடிவில் "ஸூ" என்று ஒரு சொல். இலத்தீனாக இருக்க வேண்டும். சுவாமி போனோடு அவசரமாக உள்ளே போய்விட்டார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, பின்பக்கத்துச் சந்து ஒழுங்கையால் நேரே பெற்றிசியாவின் படலைக்கு வந்தாள்.

கடகத்தில் ஏற்கெனவே ஏழு நட்சத்திரம் இருந்தது; சுற்றிவர அன்ரனியும் அயலாரும் நின்றார்கள்.

"வையுங்கோ, எல்லாத்தையும் வையுங்கோ," என்றாள் நிறஞ்சலா. "ஆனா ஒரு விசயம். இது சுவாமி மந்திரிச்ச சவுக்காரம்."

"அவர் மந்திரிச்சது உன்ர கையில இருக்கிற ஒண்டை," என்றாள் பெற்றிசியா.

"ஒரே சட்டி. ஒரே அகப்பை. ஒரே நாள் காய்ச்சினது. ஒண்டுக்கு விழுந்த ஆசீர்வாதம் மற்றதுக்கு விழாதோ? சட்டிக்குள்ள நிண்டு பாகம் பிரிச்சது ஆர்?"

இது மறைக்கல்வி வகுப்பில் படிப்பிக்கப்படாத பகுதி.

"இருந்தாலும்..." என்று அன்ரனி தொடங்கினார்.

"இருந்தாலும் நத்தார் நாளில மந்திரிச்ச சாமானை வேண்டாம் எண்டு திருப்பிக் குடுக்கிற துணிவு உள்ள ஆள் ஆரெண்டு பாக்கிறன். முன்னுக்கு வாங்கோ. சுவாமியிட்டப் பேரைக் குடுக்கிறன்."

கடகத்திலிருந்து ஏழு நட்சத்திரமும் ஒவ்வொன்றாக, மிகுந்த மரியாதையோடு, எடுக்கப்பட்டன. பெற்றிசியா தன்னுடையதை முந்தானையால் ஏந்திக்கொண்டாள்.

அன்று பின்னேரம் கீரியில் புதுச் சிக்கல் பிறந்தது. மந்திரித்த சவர்க்காரத்தால் குளிக்கலாமா? குளித்தால் நுரை எங்கே போகும்? கழிவுத் தண்ணீர்க் கிடங்குக்குள் போகும். மந்திரித்த பொருள் கிடங்குக்குள் போகலாமா? போகக்கூடாது. ஆகவே பதினெட்டு வீட்டிலும் நட்சத்திரம் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஏறியது. பக்கத்தில் மெழுகுதிரி.

எட்வேட் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நிறஞ்சி, நீ குடுத்தது சவுக்காரமில்லை, சொரூபம். சனம் கும்பிடுது. ஒருத்தரும் குளிக்கேல்ல. உதுக்கு எதுக்கு உனக்கு ஒரு அறை? கோயிலல்லோ கட்டோணும்?"

அதுதான் அவளைச் சுட்டது. கேக் ஊர் சுற்றியது. இது சுற்றாமல் ஓரிடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கரையவில்லை. பந்தயத்தை வென்று, அறையையும் வாங்கி, ஒருவரும் தொடாத சாமானைக் காய்ச்சி என்ன காண்பது?

"குளிப்பினம்," என்றாள். "இருந்து பாருங்கோ."

எப்படி என்று அவளுக்கே தெரியாது.

இருபத்துநாலாம் திகதி காலை வெறும் வாய்ச் சவடாலோடு பெற்றிசியா வீட்டுக்குப் போனாள். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தது. நிறஞ்சலா கிட்டப் போய்ப் பார்த்தாள். ஐந்து மூலையில் மூன்றைக் காணவில்லை.

"மச்சாள், மூலை எங்க?"

"மெழுகுதிரிச் சூடு," என்றாள் பெற்றிசியா. "உருகிப்போச்சு."

"அடி ஈரமா இருக்கு."

"பக்தியில கண்ணீர் விட்டனான்."

பெற்றிசியாவின் தலைமயிர் பஞ்சு மாதிரிப் பறந்தது. உவர்த் தண்ணீரில் இருபது வருடம் கயிறாகத் திரிந்து கிடந்த மயிர். நிறஞ்சலா அடுத்து அன்ரனி வீட்டுக்குப் போனாள். அங்கே நட்சத்திரம் வட்டமாகவே ஆகிவிட்டிருந்தது. எலி என்றார் அன்ரனி. எலி என்று சொன்ன மனிதரிலிருந்து எலுமிச்சம்புல் வாசம் வீசியது.

பின்னேரம் கோயிலில், செய்த பாவத்தைச் சுவாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் வருவார்கள். அன்றைக்கு வரிசை கதவைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றி, வீதிக்கு வந்திருந்தது. மகளின் கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாத அன்ரனி ஏழாவது ஆள். அவருக்குப் பின்னால் பெற்றிசியா, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டபடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே யார் என்ன சொன்னார்களோ, அது கடவுளுக்கும் சுவாமிக்கும். வரிசை முழுதும் எலுமிச்சம்புல் மணத்தது.

நிறஞ்சலா எட்வேட்டின் கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையின் ஓரமாக நடத்தினாள்.

"மோந்து பாருங்கோ."

எட்வேட் மோந்தான். தலையைத் தொங்கப்போட்டான்.

"பிழை எண்டு தெரிஞ்சும் குளிச்சிருக்கினம்," என்றாள் அவள். "கேக்குக்காக ஆரும் பாவம் செய்ததைக் கண்டனீங்களோ?"

நத்தார்க் காலை. பூசை முடிந்து கடைசி மணி அடித்தது. நட்சத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கோயில் வாசலில் வைத்து எட்வேட் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். எஞ்சினை முற்றத்திலேயே படங்கு போட்டு மூடுவதாகவும் ஒப்புக்கொண்டான்.

பாலன் குடிலடியில் சனம் சுவாமியைச் சுற்றி நின்றது. அந்த வருடம் குடிலில் வைக்கோல் போதவில்லை. பாலனுக்குக் கீழே மட்டும் ஒரு பிடி கிடந்தது. செல்வநாயகம் குனிந்து அதையும் பரவலாக்கிக்கொண்டிருந்தார். பெற்றிசியா தொண்டையைச் செருமினாள்.

"நிறஞ்சி, கனடாவில இருக்கிற பிள்ளையளுக்கு அனுப்ப ஆறு வேணும். ஆனா இந்த முறை மந்திரிக்காமல் தா. குளிக்கிறதுக்கு."

"எனக்கு நாலு," என்றார் அன்ரனி. "சம்பந்தி ஆக்களுக்கு. அவையே கேட்டவை."

"மந்திரிக்காமல் ஏன்?" நிறஞ்சலா நிமிர்ந்து நின்றாள். "எல்லாம் மந்திரிச்சுத்தான் தருவன். சுவாமி, அண்டைக்கு மந்திரிச்ச மாதிரியே முழுக் கையாலயும் மந்திரிச்சுத் தாங்கோ."

நேற்றைய பாவசங்கீர்த்தனத்திலிருந்தே குழம்பிப்போயிருந்த சுவாமி விழித்தார். "நான் எண்டைக்குப் பிள்ளை சவுக்காரம் மந்திரிச்சனான்?"

"அறைவீட்டுப் படியில சுவாமி. நான் முழங்காலில நிக்க, நீங்கள் போன் கதைச்சுக்கொண்டு..." அவள் கையைத் தூக்கி, மேலே, கீழே, இடம், வலமாக வீசி, "ஸூ" என்று இலத்தீனையும் சொல்லிக் காட்டினாள்.

செல்வநாயகம் வைக்கோலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சுவாமி, அது இந்தப் பிள்ளை திறந்துவிட்ட கேற்றால வந்து, குடில் வைக்கோலைத் திண்ட கழுதையை நீங்கள் கையை வீசிக் கலைச்சதெல்லோ?"