நாப்பது பாயின் கடமை

அன்றைக்கு ஆட்டுப்பட்டியில் இருந்தவர்கள்: பாய். அவர் சம்சாரம் நூர்ஜான் அக்கா. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத். கால்நடை டாக்டரம்மா. பக்கத்துப் பட்டிக்காரன் நான். முனகிக்கொண்டு ஒரு சினை வெள்ளாடு.

கட்ட வேண்டியதைக் கட்டாமல் தப்பிக்க வழி தேடும் ஆட்களைச் சத்தியமங்கலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டும் தகுதி நமக்கு எப்போது வரும் என்று ஏங்கிய மனுசன் உலகத்திலேயே பாய் ஒருத்தர்தான்.

பஞ்சர் கடை வைத்திருந்தார். சொந்தப் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. நாப்பது பாய்தான். மேய்ச்சல் ஆடு நாற்பது சேர்ந்து, வருசம் திரும்பும் நாளிலும் நாற்பது நின்றால், ஒன்றை ஏழைக்குக் கொடுப்பது அவங்க மார்க்கத்தில் கடமை. ஜகாத் என்பார்கள். முப்பத்தொன்பது என்றால் கடமை இல்லை.

"ஏனுங்க பாய், குடுக்கோணும்னா இப்பவே ஒண்ணைக் குடுத்துப்போட வேண்டியதுதானுங்களே?"

"அது தர்மம் கண்ணு. நானா இஷ்டப்பட்டுக் குடுக்கறது. ஜகாத்துன்னா ஏழையோட பங்கு நம்ம பட்டியில நிக்குதுன்னு அர்த்தம். ஒருக்காவாச்சும் எனக்கு அது வரோணும்."

தர்மத்தையும் விட்டபாடில்லை. முப்பத்தெட்டு ஆனால் யாராவது ஆபரேசன் செலவு என்று வந்து நிற்பார்கள். ஒன்று போகும். ஒரு வருசம் சிறுத்தை இரண்டைத் தூக்கியது. அக்கா ஹஜ்ரத்தைக் கேட்டார்.

"சிறுத்தைக்குக் குடுத்தது கணக்குல சேராதுங்களா?"

"சேராதும்மா."

"அதுவும் பசிச்சுத்தானுங்க வந்துச்சு."



போன வருசம் ஒருவழியாக நாற்பது தொட்டது. பாய் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஆடு தும்மினால் டாக்டரம்மாவுக்குப் போன். பஞ்சர் ஒட்ட வந்தவன் டியூபைப் பிடித்தபடி நிற்பான். பாய் ஆடு எண்ணிக்கொண்டிருப்பார்.

வருசம் திரும்பும் நாளுக்கு முந்தின நாள் ஒரு கிடா வயிறு உப்பிச் செத்தது. முப்பத்தொன்பது. மறுநாள் சாயங்காலம் சினை வெள்ளாட்டுக்கு வலி கண்டது.

"பொழுது உழுந்தா வருசம் முடிஞ்சுது. குட்டி பொறந்தா சேருங்களா?" என்றார் பாய்.

"பெரிய ஆடுகளோட சேத்தி எண்ணலாம். மொதல்ல பொறக்கட்டும்," என்றார் ஹஜ்ரத்.

"என்ற ஆடு ஒண்ணை உள்ள உட்டுப்போடறேனுங்க," என்றேன்.

"அது உன்ற ஆடு. ஓட்டிட்டுப் போ."

குட்டி கோணலாகக் கிடக்கிறது என்றார் டாக்டரம்மா. பாய் வெளியே போய் மேற்கே பார்த்து நின்றுவிட்டார்.

"சூரியனைப் புடிச்சு நிறுத்தப் போறீங்களா? வந்து லைட்டைப் புடிங்க," என்று அக்கா சத்தம் போட்டார்.

பொழுது விழுந்து பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னால் குட்டி விழுந்தது. கத்தியது.

"எனக்குக் கடமை வந்துருச்சு," என்று பாய் புழுக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான்.

"இருங்க, உள்ள இன்னொண்ணு இருக்குது," என்றார் டாக்டரம்மா. அதுவும் வந்தது.

நடுத்தரமான ஆடு போதும் என்றார் ஹஜ்ரத். பாய் கேட்கவில்லை. நன்றாகப் பால் கறக்கும் செவலையை அவிழ்த்தார். புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு இருந்த பாத்திமா வீட்டுக்கு அவரே ஓட்டிப் போனார்.

திரும்பி வந்து பட்டி வாசலில் நின்றார். "மிச்சம் எத்தனைன்னு நீயே எண்ணிச் சொல்லு கண்ணு. நான் எண்ணுனா எனக்கே நம்பிக்கை வராது."

எண்ணினேன். அவரிடம் தப்பாகச் சொல்ல மனசில்லாமல் மறுபடியும் எண்ணினேன்.

நாற்பது.