அவிழ்க்காமல் சோதிப்பவர்

வாகனம் வைத்திருப்பவர்களில் ‘பார்த்தாச்சு’ என்றொரு இனம் உண்டு. எதையும் பார்க்க மாட்டார்கள். ஆனால் எப்போது கேட்டாலும் பார்த்து முடித்திருப்பார்கள். புதைந்த வண்டிகளைக் கம்பி வடத்தால் இழுக்கும் வின்ச்சை ஜீப்பின் முன்னால் பொருத்தியவர்களிடையே இந்த இனம் நன்றாகச் செழிக்கிறது.

எங்கள் ஆற்றங்கரையில் அதற்குச் சிறந்த மாதிரி தெங்-ஹுய் அண்ணன். ஞாயிறு காலை வாயில் பல்குச்சியோடு ஜீப்பின் முன் குந்தி, வின்ச்சை இரண்டு தட்டு தட்டி, காது வைத்துக் கேட்டு, உருளையில் சுற்றியிருக்கும் கம்பி வடத்தின் மேல்வரிசைக்கு மட்டும் எண்ணெய் பீச்சி, அது பளபளக்கும் அழகைப் படமெடுத்து, ஜீப் சங்கத்தின் குழுவுக்கு அனுப்புவார். வடத்தை அவிழ்த்துப் பார்ப்பாரா? எதற்கு? அவிழ்த்தால் திரும்பச் சுற்ற வேண்டுமே!

ஆனால் ஒன்றில் அவரைக் குறை சொல்ல முடியாது. இயந்திரம் அடம்பிடிக்காமலிருக்க அதன்மேல் பச்சை உறைச் சோளப்பொரிப் பொட்டலம் வைப்பது எங்கள் வழக்கம். காலாவதியான பொட்டலம் ஆகாது. அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு, பொட்டலத்தை வெயிலில் பிடித்துத் தேதி படிப்பார். உலகில் அவர் உண்மையாகவே சோதிக்கும் பொருள் அது ஒன்றுதான்.

போன கோடையில், ஆற்றுமணலில் தர்பூசணி போடும் பி-யூன் அக்காவின் லாரி முழுச் சுமையோடு புதைந்துவிட்டது. மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வெள்ளம் வருமுன் லாரி கரையேற வேண்டும். அக்காவின் ஒரு பருவத்து உழைப்பே அதில்தான் இருந்தது. அண்ணன் ஜீப்போடு வந்தார்.

“வடத்த ஒருதரம் முழுசா உருவிப் பாத்துடு, தெங்-ஹுய்.”

“ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன்க்கா. எப்படி மின்னுது பாருங்க!”

“மேல மின்னுறது தெரியுது. அடியில?”

“என்னக்கா, டாக்டருக்கே ஊசி போடுறீங்களே!”

அக்கா வாதாடவில்லை, நேரமில்லை. வடத்தை லாரியில் மாட்டியதும், நனைந்த சாக்கு ஒன்றை அதன் நடுவில் போட்டுவிட்டு, எங்களை விலகி நிற்கச் சொன்னாள். லாரி தொலைவில் இருந்ததால் வடம் அடிச்சுற்றுகள் வரை உருவிவந்திருந்தது. அங்கே அப்பியிருந்த துரு வெயிலைப் பார்த்து எத்தனை வருஷமோ? லாரி ஒரு முழம் நகர்ந்தது. படீரென்று வடம் அறுந்தது. சாக்கு அதன் வீச்சை வாங்கிக்கொண்டதால் யார் காலும் போகவில்லை.

அண்ணன் ஓடிப்போய் முதலில் எதைப் பார்த்தார் தெரியுமா? பொட்டலத்தின் தேதியை.

“இன்னும் நாலு மாசம் இருக்கே!”

“அப்ப அதக் கட்டி இழு,” என்றாள் அக்கா.

தண்ணீர் வந்துவிட்டது. வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நாங்கள் கரைசேர்த்தது பாதிப் பழம்கூட இல்லை. மீதியை லாரியோடு ஆறு எடுத்துக்கொண்டது. அக்கா கரையில் நின்று, மிதந்து போகும் பழங்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அண்ணன் பக்கத்தில் போய், “மழைதான்க்கா சீக்கிரம் வந்துடுச்சு,” என்றார்.

இப்போது புது வடம் வாங்கிவிட்டார். நன்றாக மின்னுகிறது. படம் வந்தது.

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு, நம் வண்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமென்று வாசலுக்குக் கிளம்புகிறீர்கள். நல்லது. கையில் எடுத்துப்போவது துடைக்கிற துணி இல்லையே?