மேசைக்கு அடியில் துரையும் நானும்

பல்கலைக்கழகத்தில் நான் முதன்முதலாகத் தேர்ச்சி பெற்ற பாடம், மேசைக்கு அடியில் புகுவது. பொருளியல் எல்லாம் அதற்கு அப்புறம்தான் (அதுவும் தட்டுத்தடுமாறி).

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து கேம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை விடுதி வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. விடுதியில் ஒரு சீனியர் இருந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவர் ஊதினால், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் பக்கத்திலிருக்கும் கட்டிலுக்கோ மேசைக்கோ அடியில் போய்விட வேண்டும். அங்கிருந்தபடியே பெயர், பீடம், ஆண்டு ஆகியவற்றை உரக்கச் சொல்ல வேண்டும். நான் ஆள் குட்டை, பயம் நெட்டை. ஆகவே எப்போதும் முதலில் புகுவது நான்தான். "இவனப் பாத்துப் பழகுங்கடா" என்று அவர் மற்றவர்களிடம் சொல்வார். கேம்பஸில் அதுவரை எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பாராட்டு கிடைத்தும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. முதல் விடுமுறைக்கு ஊர் புறப்பட்டபோது திரும்பிப் போகும் எண்ணமே எனக்கு இல்லை. உடுப்பு, புத்தகம், குளிக்கிற வாளி வரைக்கும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம் அது. எங்கேயோ குண்டு வெடித்தது என்று வானொலி சொல்லிக்கொண்டே இருக்கும். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் வாளியை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, பாவம் என்று விட்டுவிட்டான்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்பா நிற்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், வேலை நாளில் சலவைச் சட்டையோடு நின்றார்.

"தம்பி, நாளைக்கு ஒனக்குப் பாராட்டு விழா. ஸ்கூல் ஹோல்ல. தொரயே வர்றேன்னுட்டாரு."

படிப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா அதற்குள் வாளியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் தோட்டமே ஹோலுக்குள் வந்துவிட்டது. மேடையில் நீள மேசை, தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி, சோடாப் போத்தல்கள். நடுவில் தோட்டத்து நிர்வாகியான துரை. தும்பிக்கை இல்லாத யானை போல ஆள். அவர் பக்கத்தில் மாலையோடு நான். முன்வரிசைப் பிள்ளைகள் வடையை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரே கூச்சல். அவர்களை அடக்க, விளையாட்டுக் கழகச் செயலாளர் யோகராஜா வொலிபோல் விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினான்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கால்கள்தான் பொறுப்பு. கண்ணை மூடித் திறக்குமுன் மேசைக்கு அடியில் இருந்தேன். போத்தல்கள் உருண்டு விழுந்து படீர் படீரென்று வெடித்தன. யாரோ ஒருவர் "குண்டு" என்றார். அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல்லே போதும். ஹோல் முழுக்க வெளியே பாய்ந்தது. அதே நேரம் மேசைத்துணியைக் கிழித்துக்கொண்டு ஏதோ பெரிதாக என் பக்கத்தில் வந்து விழுந்தது. துரை.

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ராமையா சிவகுமார், கலைப்பீடம், முதலாம் ஆண்டு, சேர்."

துரை சிங்களவர். எங்களோடு பேசுவது அவருடைய தோட்டத் தமிழில். "குண்டு எங்க இருக்கு?" என்று மெல்லக் கேட்டார். அவர் மூச்சு என் காதில் சுட்டது.

"தெரியாது சேர்."

"அப்ப நீ எதுக்கு உள்ள வந்தது?"

"விசில் அடிச்சாங்க, சேர்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் நீ வந்தத பாத்து வந்தது."

கிழிந்த துணி வழியாகக் கால்கள் தெரிந்தன. எல்லாம் வாசல் பக்கம் ஓடுகிற கால்கள். ஒரு சோடி மட்டும் எதிர்த்திசையில், மேசையை நோக்கி வந்தது. தொழிற்சாலைக் கிளாக்கரிடம் இரவல் வாங்கிய, இரண்டு அளவு பெரிய கறுப்புச் சப்பாத்து. ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. அதை எடுக்க அவர் நிற்கவில்லை.

துணி விலகியது. அப்பாவின் முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, கையக் குடு. அப்பா வந்துட்டேன்."

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்தவரைக் கண்டார். குனிந்த வாக்கிலேயே, "சலாங்க தொர" என்றார்.

"சலாம், சலாம்" என்றார் துரை, படுத்தபடி.

பெரிய மனிதர் பெரிய மனிதர்தான். வெளியே வந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டார். சனங்கள் ஒவ்வொருவராக வாசலில் எட்டிப் பார்த்ததும் மைக்கைப் பிடித்தார். "நாட்டு நெலம நல்லா இல்ல. ஆபத்து வந்தா என்ன செய்யிறது, இந்தப் பையன் காட்டினது. எல்லாரும் பழகணும்." தோட்டமே கைதட்டியது. மேசைக்கு அடியில் போனதற்காக நான் பெற்ற இரண்டாவது பாராட்டு இது.

லயத்துக்கு வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விசில், சீனியர், வாளி, திரும்பிப் போவதில்லை என்பது வரைக்கும். அம்மா கவனமாகக் கேட்டாள்.

"கட்டிலுக்கடியெல்லாம் கூட்டித்தான் வச்சிருக்காங்களா?" என்றாள்.

அப்பா, புண்ணாகியிருந்த குதிகாலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வெடிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே அந்த மேசையை நோக்கி ஓடி வந்த மனிதரிடம், விசிலுக்குப் பயமாக இருக்கிறது என்று மேற்கொண்டு எப்படிச் சொல்வது? விடுமுறை முடிந்ததும் வாளியோடு திரும்பிப் போனேன். அப்புறமும் மேசைக்கு அடியில் புகுந்தேன்தான். ஆனால் அங்கே எனக்குச் சிரிப்பு வரத் தொடங்கியது. சிரிக்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்தச் சீனியருக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையை அப்பா இன்றும் எல்லாக் கல்யாண வீடுகளிலும் சொல்கிறார். அவர் சொல்லும் கதை வேறு. "தொர பயந்துபோயி மேசக்கடியில பூந்துட்டாரு. எம்மவன்தான் தைரியமா உள்ள போயி அவரக் கூட்டியாந்தான்" என்பார். நான் மறுப்பதில்லை.

போன மாதம் என் மகள் அவரை மடக்கினாள். "அப்ப நீங்க எங்க தாத்தா இருந்தீங்க?"

"நானா?" என்றார் அப்பா. "நான் வடையப் பாத்துக்கிட்டு இருந்தேன்."