எண்பத்தைந்து வராத மோட்டார்

“எழுபத்தாறு” என்றார் மௌரீன் மேடம், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முனிராஜ் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். அத்திபெலேயில் தகரக் கூரைக்குக் கீழே அவரும் ஆறு ஆட்களும் சேர்ந்து செய்த முதல் மோட்டார் அது. நூறு பங்கு மின்சாரம் உள்ளே போனால் எண்பத்தைந்து பங்காவது வேலையாக வெளியே வர வேண்டும். பெங்களூரில் இருக்கும் இந்தச் சோதனைக்கூடம் அப்படி எழுதிக் கொடுத்தால்தான் ஆர்டர். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு.

“ஸ்வல்ப இருங்க மேடம், ஒரு நிமிஷம். கிரீஸ் ஜாஸ்தி ஆயிருக்கும்.”

கிரீஸை வழித்தெடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள்.

“பதறாதீங்க” என்றார் மேடம். கோலார் தங்கவயல்காரர். மனிதர்களிடம் தாராளம், மீட்டர் விஷயத்தில் கறார். “சின்னத்தாயி, இன்னும் நாலு டீ!”

“வெச்சிட்டேம்மா!” என்று சுவருக்கு அந்தப் பக்கம் டீ போடும் அறையிலிருந்து குரல் வந்தது.

மீட்டரைப் பார்த்த மேடம் புருவத்தைச் சுருக்கினார். “எழுபது.”

“பேரிங்கா இருக்கும்.”

அதையும் மாற்றினார். இந்த அதிசயத்தைக் கேள்விப்பட்டு மேடத்தின் மேலதிகாரி சுந்தரராமனும் நாலு பேரோடு வந்து நின்றார். எல்லாருக்கும் டீ சொன்னார்கள். மோட்டார் சத்தமில்லாமல், வெண்ணெய் மாதிரி ஓடியது.

“அறுபத்து நாலு!”

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிக்கொண்டிருந்தது. சுந்தரராமன் முனிராஜை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

முனிராஜ் தன் விரல்களைப் பார்த்தார். இருபது வருஷம் அடுத்தவன் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிய விரல்கள். இந்த விரல்களை நம்பித்தான் ஆறு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாக இருந்தது.

“மோட்டார் மேல தப்பில்ல மேடம். என் கை மேலதான். எழுதிடுங்க.”

மேடத்துக்கும் மனசில்லை. ஆனால் மீட்டர் பொய் சொல்லாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, பேனாவைத் திறந்து, ரிப்போர்ட்டில் ‘தேறவில்லை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சின்னத்தாயி கையில் வடிகட்டியோடு கதவருகே வந்து நின்றாள்.

“மோட்டார நிறுத்திட்டா டீ எப்படிம்மா கொதிக்கும்? எங்க ரூம்ல வோல்டேஜே இல்லன்னு, உங்க மீட்டர்லருந்து மோட்டாருக்குப் போற லைன்லதானே எலக்ட்ரீஷியன் என் ஹீட்டருக்கு ஒயர் இழுத்துக் குடுத்திருக்காரு!”